அடுக்குமேல் அடுக்கு: ரோடு, வரி, தரவுத்தளம்

அம்மா வீட்டு வாசலில் முன்பு மூன்று படிகள் இருந்தன. 1990-களின் நடுவில் கட்டிய வீடு. தெருவிலிருந்து மூன்று படி ஏறினால்தான் திண்ணை. இப்போது வெளியே தெரிவது ஒரே ஒரு படி. மற்ற இரண்டையும் யாரும் இடிக்கவில்லை. அவை தாருக்கு அடியில் இருக்கின்றன. முப்பது வருஷத்தில் ஏழு தடவை ரோடு போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நாலு சென்டிமீட்டர் என்று வைத்தாலே 28 சென்டிமீட்டர் ஆகிறது. ஒரு படியின் உயரம் 15 சென்டிமீட்டர். இரண்டு படிக்கு ஏறக்குறையக் கணக்கு சரியாக வருகிறது. ஐப்பசி பிறந்தால் வாசலில் மணல் மூட்டை அடுக்குவதும் அம்மாவுக்கு ஒரு வீட்டு வேலையாகிவிட்டது.

ரோடு போட வந்தவர்களிடம் ஒருமுறை கேட்டேன். "வழக்கமா இப்படித்தான் சார் போடுறது" என்றார்கள். பொய் இல்லை, வழக்கம் அதுதான். அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, எந்த இடத்துக்கு அது பொருந்தும், எந்த இடத்தில் மனிதர்களை வதைக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. ரோட்டோடு நிறுத்தாமல் வரியையும் கணினித் தரவுத்தளத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். மூன்றும் ஒன்றுக்கொன்று தூரமான துறைகள்தான். ஆனால் மூன்றிலும் ஒரே கேள்வி வருகிறது: பழையதன் மேல் புதியதைப் போடலாமா, பழையதை எடுத்துவிட்டுப் போட வேண்டுமா?

எந்த வழக்கமும் சும்மா பிறப்பதில்லை. யாருக்கோ ஒரு சிக்கல் இருந்திருக்கும். கையில் இருந்த கருவியையும் காசையும் வைத்து ஒரு வழி கண்டிருப்பார்கள். அது பலித்ததும் விதிப்புத்தகத்தில் ஏறும், பாடத்தில் ஏறும், டெண்டர் படிவத்தில் ஏறும். காலம் போகப் போக கேள்வி மறந்துபோய் பதில் மட்டும் தங்கிவிடும். அதனால் ஒரு வழக்கத்தை மறுபடி யோசிக்க உட்காருபவர் முதலில் அந்தத் தொலைந்த கேள்வியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஏன் ரோட்டின் மேல் ரோடு?

தார் ரோடு என்பது ஒரே பாளம் அல்ல. அடியில் இறுக்கிய மண், அதன் மேல் கிராவல், அதன் மேல் ஜல்லி, கடைசியாகத் தாரும் சிறு ஜல்லியும் கலந்த மேல்பூச்சு. லாரிச் சக்கரம் அழுத்தும் பாரம் இந்த அடுக்குகள் வழியாகப் பரவிப் பரவி இறங்கும். அடுக்கு கனமாக இருந்தால் மண்ணுக்குப் போய்ச் சேரும்போது அழுத்தம் குறைந்திருக்கும். மெலிதாக இருந்தால் மண் அமுங்கும், மேலே தார் வெடிக்கும்.

ஒரு நெடுஞ்சாலையை நினைத்துப் பாருங்கள். போட்டபோது ஒரு நாளைக்கு நூறு லாரி போனது, இப்போது ஆயிரம் போகிறது. பழைய ரோட்டின் கனம் போதாது. தோண்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டால் செலவு, நாட்கள், போக்குவரத்துத் தடை. அதற்குப் பதில் மேலே இன்னொரு அடுக்கு போட்டால் கனம் கூடிவிடும். எவ்வளவு கனம் வேண்டும் என்பதற்கு முறையான அளவீடும் இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெங்கல்மேன் என்ற பொறியாளர் ஒரு நீளமான மெல்லிய தண்டை உருவாக்கினார். பாரம் ஏற்றிய லாரியின் பின்பக்க இரட்டைச் சக்கரங்களின் இடைவெளியில் அதன் நுனியை வைப்பார்கள். லாரி மெல்ல நகர்ந்ததும், அமுங்கியிருந்த ரோடு எத்தனை மில்லிமீட்டர் மீண்டு எழும்புகிறது என்று அளப்பார்கள். அதிகம் எழும்பினால் ரோடு பலவீனம், மேலே கனமான அடுக்கு தேவை. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 81-ஆம் எண் விதித்தொகுப்பு இந்த அளவீட்டை வைத்துதான் மேல் அடுக்கின் கனத்தைக் கணக்கிடச் சொல்கிறது.

ஆக, மேலே மேலே போடுவது மடத்தனமான பழக்கம் அல்ல. அளந்து பார்த்துச் செய்யும் நல்ல பொறியியல். ஆனால் அது நெடுஞ்சாலைக்கானது. அங்கே ஓரத்தில் வாசற்படி இல்லை.

குடியிருப்புத் தெருவின் சிக்கல் வேறு. அங்கே ஓடுவது பைக், ஆட்டோ, எப்போதாவது ஒரு தண்ணீர் லாரி. ரோடு கெடுவதற்குப் பெரும்பாலும் பாரம் காரணமில்லை. மழைநீர் தேங்குவதும், குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டிவிட்டுச் சரியாக இறுக்காமல் மூடுவதும்தான் காரணம். கனம் போதவில்லை என்ற கேள்வியே இல்லாத இடத்தில், கனத்தைக் கூட்டும் பதிலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருக்கிறோம். தெரு உயர்கிறது. வீடுகள் பள்ளமாகின்றன. கழிவுநீர் மூடிகள் குழியாகின்றன. வசதி உள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள், இல்லாதவர்கள் மணல் மூட்டை வைக்கிறார்கள்.

தெருவுக்குச் சரியான பதில், கெட்டுப்போன மேல்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குப் புதிதாகப் போடுவது. இதற்கு மில்லிங் இயந்திரம் இருக்கிறது. அதன் வயிற்றுக்கு அடியில் ஓர் உருளை, உருளை முழுக்கக் கடினமான பற்கள். உருளை சுற்றச் சுற்ற, சொன்ன ஆழத்துக்குத் தாரைச் சுரண்டி, பெல்ட் வழியாக முன்னால் போகும் லாரியில் கொட்டிவிடும். வேலை முடிந்த இடத்தில் தெரு சீப்பால் கோதியது மாதிரி வரிவரியாக இருக்கும். ஒருநாள் அதில் பைக் ஓட்டுவது சிரமம்தான், ஆனால் அந்தக் கீறல்களில்தான் புதுத் தார் நன்றாகப் பிடிக்கும். சுரண்டிய தூளும் குப்பை அல்ல. தார் சூடானால் இளகும் பொருள் என்பதால், அந்தத் தூளைப் புதுக் கலவையோடு சேர்த்து மறுபடி பயன்படுத்த முடியும்.

2021-இல் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு, ஏற்கெனவே உள்ள மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும், வீடுகளுக்குள் தண்ணீர் போகும்படி தெரு உயரக்கூடாது என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். இதைத்தான் பத்து இருபது வருஷமாக ஜனங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உத்தரவு வந்தாலும் குறுகிய சந்தில் பெரிய இயந்திரம் நுழையாது, சுரண்டுவது தனிச் செலவு, போட்ட பரப்புக்குத்தான் பில் என்று நடைமுறைச் சிக்கல்கள் இருக்கின்றன. எனக்குத் தோன்றுவது, சுரண்டும் வேலையை டெண்டரிலேயே தனி இனமாக எழுதி அதற்கும் காசு கொடுத்தால்தான் இந்த வழக்கம் மாறும்.

வரியின் மேல் வரி

அடுத்தது வரி. இங்கே கதை சேலத்தில் ஆரம்பிக்கிறது. 1937-இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கள், சாராயத்திலிருந்து வந்த வருமானம் போனது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் ஒரு மாகாணம் முழுமைக்கும் பொது விற்பனை வரி போட்டதில் சென்னைதான் முன்னோடி.

அந்த வரி ஒவ்வொரு விற்பனையிலும் விழும்படி அமைக்கப்பட்டது. ஒரு பொருள் நாலு கை மாறினால் நாலு தடவை வரி. ஏன் அப்படி? வசூலிப்பது சுலபம். வியாபாரி தன் மொத்த விற்பனையை எழுதி வைத்தால் போதும். தான் வாங்கிய சரக்குக்கு முன்னால் யார் எவ்வளவு கட்டினார் என்று அவருக்கும் தெரிய வேண்டாம், அதிகாரிக்கும் தெரிய வேண்டாம். காகிதமும் மையும் மட்டுமே இருந்த காலத்துக்கு அது சமயோசிதமான பதில்.

விகிதம் சின்னதாக இருக்கும்வரை அது வலிக்காது. ஒரு சட்டையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நானே வைத்துக்கொண்டவை. பஞ்சுக்காரர் 100 ரூபாய்க்கு விற்கிறார். நூற்பவர் 90 ரூபாய் வேலை சேர்க்கிறார், நெய்பவர் 80, தைத்து விற்பவர் 170. மொத்த உழைப்பும் பொருளும் சேர்ந்து 440 ரூபாய். ஒவ்வொரு விற்பனையிலும் அரை சதவீத வரி என்றால், நாலு கை மாறிய பிறகும் மொத்த வரி ஐந்து ரூபாய்ச் சொச்சம்தான்.

இப்போது விகிதத்தை 10 சதவீதமாக்குங்கள். பஞ்சு 100, வரி 10. நூற்பவர் 110 கொடுத்து வாங்கி, தன் 90-ஐச் சேர்த்து 200-க்கு விற்கிறார், வரி 20. நெய்பவர் 220 கொடுத்து, 80 சேர்த்து 300-க்கு விற்கிறார், வரி 30. தைப்பவர் 330 கொடுத்து, 170 சேர்த்து 500-க்கு விற்கிறார், வரி 50. சட்டையின் விலை 550. அதில் வரி 110. அதாவது 440 ரூபாய் மதிப்புக்கு 25 சதவீதம். சட்டத்தில் எழுதியிருப்பது 10, சட்டை வாங்குபவர் கொடுப்பது 25. தைப்பவர் கட்டிய 50 ரூபாயில், பஞ்சுக்காரர் கட்டிய வரியின் மேல் போட்ட வரியும் ஒளிந்திருக்கிறது. எங்கள் தெருத் தார் மாதிரியேதான்: அடியில் இருப்பதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டது.

இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. பஞ்சிலிருந்து சட்டை வரை ஒரே கூரையின் கீழ் செய்யும் பெரிய மில் ஒரே ஒரு தடவைதான் விற்கிறது. 440-க்கு வரி 44, சட்டை 484 ரூபாய். திருப்பூர் மாதிரி பின்னுவது ஒருவர், சாயம் போடுவது ஒருவர், தைப்பது ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கும் ஊரில் ஒவ்வொரு கைமாற்றமும் விற்பனையாக நடந்தால் 550. தரமும் உழைப்பும் ஒன்றுதான். சின்னவர்கள் பலர் சேர்ந்து செய்தார்கள் என்பதற்கு 66 ரூபாய் தண்டம்.

இதைச் சரிசெய்யும் யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் மோரிஸ் லோரே என்ற பிரெஞ்சு வரி அதிகாரி. 1954-இல் பிரான்ஸ் அதை ஏற்றது. யோசனை இதுதான்: எல்லாரும் விற்பனைக்கு வரி வசூலிக்கட்டும், ஆனால் தாங்கள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளட்டும். நம் சட்டைக்கு அப்படிச் செய்தால் பஞ்சுக்காரர் 10, நூற்பவர் 9, நெய்பவர் 8, தைப்பவர் 17, ஆக மொத்தம் 44. எத்தனை கை மாறினாலும் 44-தான். அவரவர் சேர்த்த மதிப்புக்கு மட்டும் வரி, அதனால் மதிப்புக் கூட்டு வரி, சுருக்கமாக வாட்.

இந்தியாவில் இது தவணை முறையில் வந்தது. 1986-இல் மத்திய கலால் வரியில் மோட்வாட் என்ற கழிப்பு முறை, 2005-இல் பல மாநிலங்களில் வாட், தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில் வாட், கடைசியாக 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி. இன்று வாங்குபவர் கழித்துக்கொள்ளும் வரியை, விற்றவர் கணக்கில் காட்டியிருக்கிறாரா என்று கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது. 1939-இல் நினைத்தும் பார்க்க முடியாத வசதி.

ஆனாலும் சுரண்டாத ஓர் அடுக்கு மிச்சம் இருக்கிறது. பெட்ரோலும் டீசலும் இன்னும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கின்றன. லாரிக்காரர் டீசலுக்குக் கட்டும் கலால் வரியையும் வாட்டையும் எங்கேயும் கழித்துக்கொள்ள முடியாது. அது வாடகையில் ஏறி, தக்காளி முதல் சிமென்ட் வரை எல்லாவற்றின் விலையிலும் உட்கார்ந்துகொள்கிறது. மாநிலங்களுக்குக் கையில் மிச்சமிருக்கும் சில வருமானங்களில் இது ஒன்று என்பதால் விட மனம் வரவில்லை. அந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறவரை பதிலும் நகராது.

அழித்து எழுதும் பழக்கம்

இதுவரை படித்தவர்கள் "சரி, மேலே மேலே போடுவது தப்பு, பழையதைச் சுரண்டிவிட்டுப் போடுவதுதான் சரி" என்ற முடிவுக்கு வந்திருக்கலாம். தரவுத்தளத்தில் இது அப்படியே தலைகீழ்.

தரவுத்தளம் என்பது கணினிக்குள் இருக்கும் கணக்குப் புத்தகம். அட்டவணைகள், அவற்றில் வரிசைகள். கடையில் 40 கிலோ சர்க்கரை இருக்கிறது, 3 கிலோ விற்றால், 40 என்ற எண்ணை அழித்து 37 என்று எழுதும். இதுதான் வழக்கம், பாடத்திலும் முதலில் இதைத்தான் கற்றுத்தருவார்கள். 40 எங்கே போனது? போயே போய்விட்டது.

ஏன் இப்படி அழித்து எழுதினார்கள்? இடம் இல்லை. 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் என்ற முதல் வணிக வட்டு, 24 அங்குல விட்டத்தில் 50 தகடுகள் கொண்ட பூதம். அதில் சேமிக்க முடிந்தது 50 லட்சம் எழுத்துகள். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோ அதை நிரப்பிவிடும். எழுத்துக்கு எழுத்து காசாக இருந்த காலத்தில் பழைய எண்ணை வைத்திருக்க யாரால் முடியும்? ஆண்டைக்கூட 1967 என்று எழுதாமல் 67 என்று எழுதி இடம் மிச்சம் பிடித்தார்கள். வட்டு மலிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 2000 பிறக்கும்போது 00 என்பதைக் கணினி 1900 என்று எடுத்துக்கொள்ளுமோ என்று உலகமே பழைய நிரல்களைத் தேடித் தேடித் திருத்தியது.

அழித்து எழுதுவதன் வலியை நான் கிட்டத்தில் பார்த்தது ஒரு மளிகைக் கடையில். பழக்கமான அண்ணாச்சி கடை, அங்கே பில் போடும் மென்பொருளை நான் அவ்வப்போது பார்த்துக்கொள்வேன். 2025 செப்டம்பர் 22 அன்று நெய்க்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அன்று காலை அண்ணாச்சி மென்பொருளில் நெய்யின் வரியை 12-ஐ அழித்து 5 என்று மாற்றினார். இரண்டு வாரம் கழித்துப் போன்.

"தம்பி, ஸ்வீட் கடைக்காரர் ஆகஸ்ட்ல வாங்கின நெய் பில்லுக்கு இன்னொரு காப்பி கேக்குறாரு. அவர் ஆடிட்டருக்குக் கொடுக்கணுமாம். எடுத்தா 6,300 காட்டுது. நான் அன்னைக்கு வாங்கினது 6,720."

போய்ப் பார்த்தேன். பத்து கிலோ நெய், வரிக்கு முன் 6,000 ரூபாய். ஆகஸ்டில் 12 சதவீதம், அதாவது 720 சேர்ந்து 6,720. பில் அட்டவணையில் "நெய், 10 கிலோ" என்று மட்டும் இருந்தது. வரி விகிதம் பொருள் அட்டவணையில் ஓரிடத்தில் இருந்தது. பில்லை மறுபடி அச்சடிக்கும்போது மென்பொருள் இன்றைய 5 சதவீதத்தைப் போய் எடுத்துக்கொண்டது. கடையின் பழைய நெய் பில்கள் எல்லாமே ஒரே காலையில் சத்தமில்லாமல் மாறிப்போயிருந்தன.

மென்பொருளை எழுதியவர் விதியை மீறவில்லை. 1970-இல் எட்கர் காட் என்ற ஐபிஎம் ஆராய்ச்சியாளர் வகுத்த அட்டவணை முறையைத் தொடர்ந்து வந்த நல்ல விதி ஒன்று உண்டு: ஒரு தகவலை ஒரே இடத்தில் வை. இரண்டு இடத்தில் வைத்தால் ஒன்று மாறி இன்னொன்று மாறாமல் போகும். விதி இன்றும் சரியானது. ஆனால் "நெய்க்கு இன்றைய வரி" என்பதும் "ஆகஸ்டில் அந்த நெய்க்கு வாங்கிய வரி" என்பதும் இரண்டு வெவ்வேறு தகவல்கள். முதலாவது மாறும். இரண்டாவது நடந்து முடிந்த சம்பவம், அது மாறக்கூடாது. ஒரே எண்ணாக இருந்ததால் ஒரே தகவல் என்று நினைத்துவிட்டார்கள்.

இதற்கான பதில் கணினிக்கு முன்பே நம் கணக்குப்பிள்ளைகளிடம் இருந்தது. சிட்டாவிலோ பேரேட்டிலோ எழுதியதை அழிக்கமாட்டார்கள். தப்பாகிவிட்டால் அதை நேர்செய்யும் இன்னொரு பதிவைக் கீழே எழுதுவார்கள். வங்கிப் புத்தகமும் அப்படித்தான்: போட்டது, எடுத்தது, மீதி என்று வரிசையாக இருக்கும். தரவுத்தளத்தையும் இப்படி அமைக்கலாம். சர்க்கரை 50 வந்தது, 10 போனது, 3 போனது என்று சேர்த்துக்கொண்டே போவது. இருப்பு வேண்டுமென்றால் கூட்டிப் பார்ப்பது. வரி விகிதத்துக்கு, எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு கட்டம். அண்ணாச்சி கடையில் இப்போது நெய்க்கு இரண்டு வரிசைகள்: 12, அதற்குக் கீழே செப்டம்பர் 22 முதல் 5. ஆகஸ்ட் பில் மறுபடி 6,720-க்கு வந்தது.

இந்த யோசனையும் புதிதல்ல. 1980-களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழு உருவாக்கிய போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் பழைய எண்களை அழிக்காமல் வைத்திருந்து, "போன மாதம் இது எவ்வளவு?" என்று கேட்டால் சொல்லும்படி இருந்தது. அப்போது வட்டு இன்னும் விலைதான். இடமும் வேகமும் கருதி பிறகு அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டே போகவும் கூடாது. லட்சக்கணக்கான வரிசைகளை ஒவ்வொரு தடவையும் கூட்டினால் நேரம் ஆகும், அதற்கு மாதக் கடைசி இருப்பைத் தனியாக எழுதி வைப்பார்கள். அப்புறம், ஆட்களின் விவரம் வேறு சங்கதி. தேவை முடிந்ததும் அதை அழிக்கச் சொல்கிறது 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நெய்யின் வரலாறு கடைக்குச் சொந்தம். வாடிக்கையாளரின் போன் நம்பர் அவருக்குச் சொந்தம்.

வழக்கத்தை மாற்றப் போய்த் தேவையானதையும் தூக்கிப் போட்ட கதையும் இதே துறையில் உண்டு. ஒரு கணக்கிலிருந்து பணம் கழிவதும் இன்னொன்றில் சேர்வதும் இரண்டும் நடக்க வேண்டும், இல்லையேல் இரண்டும் நடக்கக்கூடாது. பழைய தரவுத்தளங்கள் இதற்கு உத்தரவாதம் தந்தன. 2009-இல் வெளிவந்த மாங்கோடிபி மாதிரியான தரவுத்தளங்கள் வேகத்துக்கும் எளிமைக்கும் முன்னுரிமை கொடுத்து, பல ஆவணங்களுக்கு (அதாவது பதிவுகளுக்கு) சேர்த்து அந்த உத்தரவாதத்தைத் தராமல் விட்டன. 2018-இல் மாங்கோடிபியே அதைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பழைய கேள்வி சாகவே இல்லை.

எங்கள் தெருவுக்கு மறுபடி ரோடு வரப்போகிறது. போன வாரம் பக்கத்து வீட்டு மாமாவும் நானும் சேர்ந்து அம்மா வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில், இன்றைய ரோடு மட்டத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினோம். ரோடு போட்டு முடித்த அன்று மாலை, கோட்டுக்கு மேல் தார் ஏறியிருக்கிறதா என்று அளந்து பார்ப்போம். ஏறியிருந்தால் போட்டோவோடு மனு கொடுப்போம், இன்னொரு கோடும் போடுவோம். பழைய கோட்டின் மேல் வெள்ளையடிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.